காரைப் போகவிட்டது யார்?

"கொன்னது யாருன்னு கண்டுபிடிக்க வேணாம் சார். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவன விட்டது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றாள் அஸ்கரி பேகம்.

சாமிநாதன் எழுதுவதை நிறுத்தினார்.

திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிரே, பூக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். போலீசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர், முட்டி வலியைச் சாக்குச் சொல்லி முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வருஷமாகிறது. வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளைக்கு நிஜமாகவே சென்னையில் வேலையா, தண்ணி அடிப்பானா, வேறு எங்காவது குடும்பம் இருக்கிறதா. இந்த மாதிரிக் கேள்வியோடு யாரும் வந்ததில்லை.

"விட்டதுன்னா?" என்று கேட்டாள் பானுப்ரியா. அலுவலகத்தின் ஒரே உதவியாளர். கூரியர் ஆபீசில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். திருத்தணியைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கு அவளுக்குத் தெரியாத கதவு எண் கிடையாது. வாயும் அதே அளவு நீளம்.

அஸ்கரி பேகம் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். "நேத்தோட எனக்கு இத்தா முடிஞ்சுது. புருஷன் செத்ததுலேந்து நாலு மாசம் பத்து நாள் வூட்டு வாசல தாண்டல. உள்ளயே ஒக்காந்துகினு இந்த போட்டோவத்தான் பாத்துகினு இருந்தேன்."

அந்தப் படத்தைப் பார்க்காதவர் திருத்தணியில் இல்லை. முன்பக்கம் நசுங்கிப்போன வெள்ளைக் கார், அதன் கீழே ஒரு மொபெட்டின் சக்கரம். மொபெட்டில் வந்தவர் மெக்கானிக் சமியுல்லா, அஸ்கரி பேகத்தின் கணவர். காரை ஓட்டியவன் பரணிதரன். இந்த ஊர் மண்ணில் கபடி பழகி, இந்திய அணி வரைக்கும் போனவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பனின் பள்ளிப்பட்டுத் தோட்டத்தில் பகலெல்லாம் குடித்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரோட்டில் வந்தான். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்தது. அவனும் மறுக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் வரை அவன் முகம் இல்லாத முச்சந்தி கிடையாது. மறு வாரம் ஒரு பேனரில்கூட முகம் இல்லை. தார் பூசியிருந்தார்கள். அவன் படித்த பள்ளியில் மைதானத்துக்கு வைத்திருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். ம.பொ.சி. சாலை ஓட்டலில் அதுவரை 'பரணி பரோட்டா' என்று விற்றது, அப்புறம் வெறும் பரோட்டா ஆனது. செல்போனைத் திறந்தால் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அதில் ஒன்று சாமிநாதன் எழுதியதும்தான்.

"இங்க பாருங்க." அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, உடையாமல், கவிழ்ந்து கிடந்தது ஒரு கண்ணாடி கிளாஸ். அடிப்பாகத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. "டீக்கடை கிளாஸு. கோர்ட்ல யாரும் இதப் பத்திப் பேசல. தோட்டத்துலேந்து நேரா வந்தேன்னு அவன் சொல்லிட்டான். நடுவுல எங்கயோ நின்னிருக்கான். அவன் இருந்த நிலைமய யாரோ பாத்திருக்காங்க. பாத்துட்டு அனுப்பி வெச்சிருக்காங்க. அது யாரு?"

பானு போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கிளாஸ் மாறிப் போகாம இருக்க கடைக்காரங்க அடையாளம் வெப்பாங்க. ஆனா இது பெயின்ட் இல்ல சார். மினுக்குது. நெயில் பாலிஷ். கடைக்காரர் பொம்பள. உள்ள பாருங்க, ஒரு எலுமிச்ச வெத ஒட்டிகினு இருக்கு. டீ குடிக்கல, ஜூஸ் குடிச்சிருக்கான்."

"அப்புறம்?" என்றார் சாமிநாதன்.

"அவன் எறங்கிப் போயிருந்தா அங்கயே குடிச்சுட்டு அங்கயே வெச்சிருப்பான். காருக்குள்ள வந்திருக்குன்னா யாரோ கொண்டாந்து குடுத்திருக்காங்க. கடைக்காரியே கொண்டாந்திருந்தா கிளாஸ வாங்காம வுட மாட்டா. ஒரு டீக்கடையில கிளாஸத் திருப்பிக் குடுக்கலைன்னாலும் கேக்க முடியாத ஆளு யாரு சார்?"

அவருக்குப் பதில் தெரிந்தது. முப்பது வருஷம் அவர் போட்டிருந்த சட்டைதான் பதில்.

"போலீஸ்," என்றார் மெல்ல.

*

பரணிதரனின் வீடு மலையடிவாரத்தில், படிக்கட்டுக்குப் போகிற தெருவில் இருந்தது. சுவரில் கரியால் 'கொலகாரன்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு வாளி காய்ந்து கிடந்தது.

ஜாமீனில் வந்தவன் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். பேனர்களில் இரண்டு மாடி உயரம் நின்றவன், நேரில் தோள்கள் ஒடுங்கிப்போய் யாரோ மாதிரி இருந்தான்.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமே தம்பி," என்றார் சாமிநாதன்.

"அம்மா அடிக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். தப்பா ஒண்ணும் எழுதலையே."

பானு படத்தைக் காட்டினாள். "இந்த கிளாஸ் எந்தக் கடையோடது? யாரு குடுத்தாங்க?"

அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. சாமிநாதனைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அத நீங்களா கேக்கறீங்க சார்?"

"பின்ன, ரெஃப்ரீ வந்தா கேப்பாரு?" என்றாள் பானு.

அவன் சிரிக்கவில்லை. "நான் எங்கயும் நிக்கல. நான் குடிச்சேன், நான் ஓட்டினேன், அவரு செத்துட்டாரு. இதுல இன்னொருத்தர் பேரைச் சேத்தா என் பங்கு கொறயுமா? கொறயாது. வுட்டுருங்க சார்."

வெளியே வந்ததும் பானு, "வாயத் தொறக்க மாட்டான் போல. ஆனா உங்கள இன்னாத்துக்கு சார் அப்படிப் பாத்தான்?" என்று கேட்டாள்.

"முட்டி வலிக்குது. வண்டிய எடு," என்றார் அவர். அந்தப் பார்வை அவருக்கு உறுத்தியது. ஏன் என்று தோண்டிப் பார்க்க மனம் வரவில்லை.

*

பள்ளிப்பட்டு ரோட்டில் விபத்து நடந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனார்கள். முதல் நாலு கடையில் ஆண்கள். ஐந்தாவது கடையில் ஒரு அம்மாள், ஆனால் எல்லாம் பேப்பர் கப். ஒவ்வொரு கடையிலும் பானு டீ குடித்தாள்.

"இந்தக் கேஸ் முடியறதுக்குள்ள எனக்குச் சக்கர வந்துரும் சார். மருந்துச் செலவையும் பில்லுல சேத்துருங்க."

கல்லுக்குட்டை கூட்டு ரோட்டில் ஆறாவது கடை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெயர் பத்மா. பானு டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாஸைத் தலைகீழாகக் கவிழ்த்து சாமிநாதன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஆரஞ்சுப் புள்ளி.

"அழகா பொட்டு வெச்சிருக்கீங்கக்கா," என்றாள் பானு.

"பக்கத்து பரோட்டா கடக்காரன் என் கிளாஸ எடுத்துக்கினு போயி அவன்துன்னு சாதிக்கிறான். அதான்."

"ஒரு கிளாஸ் தொலஞ்சிருக்குமே. நாலு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழம."

பத்மாவின் கை நின்றது. டீ பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

பானு குரலைத் தணித்தாள். "செப்பக்கா," என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷம் என்னென்னவோ பேசினாள். செத்தவரின் மனைவி, இத்தா, நாலு மாசம் பத்து நாள் என்பதெல்லாம் அதில் சாமிநாதன் காதில் விழுந்தன. பத்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இங்கதான் வண்டிங்கள மடக்கி செக் பண்ணிக்கினு இருந்தாங்க. வெள்ளக் காரு வந்து நின்னுது. ஏட்டு கிட்டக்க போயி பாத்தாரு. அப்பறம் எங்கிட்ட வந்து, 'போத எறங்கணும், எலுமிச்ச ஜூஸ் ஒண்ணு குடு. சக்கர வேணாம். உப்பு தூக்கலா போட்டு ரெண்டு பழம் புழி'ன்னாரு. அவரே கொண்டுபோயி ஜன்னல்ல குடுத்தாரு. செல்போன தூக்கிப் புடிச்சு ரெண்டு பேரும் சிரிச்சுகினு போட்டோ எடுத்தாங்க. காரு போயிடுச்சு, கிளாஸும் போயிடுச்சு." அவள் குரல் இறங்கியது. "கால் மணி நேரத்துல ஆம்புலன்ஸ் சத்தம். புழிஞ்சது இந்தக் கைதாங்க. நானும் பாத்துகினுதானே இருந்தேன்."

"எந்த ஏட்டு?"

"கௌதமன் ஏட்டு."

பானு நோட்டில் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது சாமிநாதன் ரோட்டோரம் போய் நின்றிருந்தார். சக்கரை வேண்டாம், உப்பு தூக்கலாக, இரண்டு பழம். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். வேறு யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. எப்போதும் அவர்தான் சொல்லியிருக்கிறார்.

"இன்னா சார், வேர்த்து ஊத்துது? ஆறு டீ குடிச்சது நானு," என்றாள் பானு.

*

அன்று கிருத்திகை. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்துக்கும் கார்களுக்கும் நடுவே விசில் ஊதிக்கொண்டிருந்தார் தலைமைக் காவலர் கௌதமன். சாமிநாதனைப் பார்த்ததும் பழக்கத்தில் விறைப்பாக நின்றார். ஸ்டேஷனில் ஒன்பது வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

"உன்னத் தேடித்தான் வந்தோம். கல்லுக்குட்டை கூட்டு ரோடு," என்றார் சாமிநாதன். "எலுமிச்ச ஜூஸ்."

கௌதமன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர்களை ஒரு தேங்காய்க் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார். பயப்படுவார் என்று பானு எதிர்பார்த்திருந்தாள். அவர் முகத்தில் இருந்தது வேறு. ரொம்ப நாளாகத் தூக்கிவந்த மூட்டையைக் கீழே வைக்க இடம் கிடைத்தவர் மாதிரி இருந்தார்.

"ஆமா சார். விட்டேன். வாயில நாத்தம் அடிச்சுது, கண்ணு செவந்து கெடந்துது. ஊதச் சொல்லல. விட்டேன்."

"ஏன்யா?" சாமிநாதனின் குரல் உயர்ந்தது. "ஒரு உசுரு போயிருக்கு. நீ அந்தச் சாவிய மட்டும் புடுங்கி வெச்சிருந்தா—"

"நீங்க புடுங்குனீங்களா சார்?"

காவடி மேளம் ஒரு கணம் ஓய்ந்து, மறுபடி எழுந்தது.

"மூணு வருஷம் முன்னாடி," என்று பானுவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார் கௌதமன். "அரக்கோணம் ரோட்டுல செக்கிங். சார் எஸ்.ஐ., நான் பக்கத்துல. இதே காரு, இதே பையன், இதே நாத்தம். நான் ஊதுற மெஷின எடுத்துக்கினு போனேன். சார் தடுத்தாரு. 'இந்தியாவுக்கு ஆடப்போற புள்ளய்யா, கேஸப் போட்டு கெடுக்காத. ஓடிப்போயி ஒரு ஜூஸ் வாங்கிட்டு வா. சக்கர வேணாம், உப்பு தூக்கலா'ன்னாரு. போட்டோ எடுத்துக்கினோம். 'பாத்து போப்பா'ன்னு முதுகுல தட்டி அனுப்பினாரு."

பானு சாமிநாதனைப் பார்த்தாள். அவர் தேங்காய் மட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறக்கவில்லை. மறக்கிற விஷயமாக அது என்றுமே இருந்ததில்லை. எத்தனை கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! ஒரு பையனின் வாழ்க்கையைக் காப்பாற்றினேன் என்றுதான் அந்தக் கதையை எப்போதும் முடிப்பார். விபத்துக்குப் பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினோம் என்று தன்னையே ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு கூட்டு ரோட்டுல கண்ணாடிய எறக்கினதும் அவன் சொன்னது இன்னா தெரியுமா?" என்று கேட்டார் கௌதமன். "'சாமிநாதன் சாரே விட்டாரு ஏட்டய்யா, நீங்களும் விட்டுருங்க'ன்னான். உங்க பேரச் சொன்னதும் எனக்கு அது தப்பாவே தோணல சார். அப்பறம் நீங்களே நம்ம பழைய ஸ்டேஷன் குரூப்புல, 'இவன நடுரோட்டுல தூக்குல போடணும்'னு போட்டீங்க. அதப் படிச்சுட்டு ரெண்டு நாள் நான் தூங்கல. உங்கள திட்டறதா, என்னயே திட்டிக்கறதான்னு தெரியல."



கௌதமன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "பையன் வாயத் தொறக்க மாட்டான். கடைக்காரிய நான் பாத்துக்கறேன். கிளாஸப் பத்தி ஒண்ணும் தெரியலன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. என் பேரு வராது. உங்க பேரும் வராது."

*

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தாள் பானு. கூட்டத்தில் ஓட்ட முடியவில்லை. ஒரு கம்பத்தில் தார் பூசிய பேனரின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன?" என்றார் சாமிநாதன்.

"ஜோக் ஒண்ணு சொல்லலாம்னு பாத்தேன். வரல சார்."

கொஞ்ச தூரம் போனதும் அவர் மெதுவாகக் கேட்டார். "தெரியலன்னு சொல்லிட்டா என்ன ஆவும் பானு? செத்தவரு வரப்போறதில்ல. பரணிக்குத் தண்டன கொறயப்போறதில்ல. கௌதமனுக்கு வேல போவும். எனக்கு பென்ஷன்..." முடிக்கவில்லை.

"கேஸ் உங்களுது சார், முடிவும் உங்களுது. ஆனா ஒண்ணு. அந்தம்மா மொகத்தப் பாத்து அத நீங்களே சொல்லுங்க. நான் வாசல்ல நின்னுக்கறேன்."

அஸ்கரி பேகத்தின் தெரு முனையில் அவர் இரண்டு முறை நின்றார். முட்டி வலியா என்று பானு கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

வெயில் இறங்கும் நேரம். அஸ்கரி பேகம் வாசல் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் குழாயை மூடினாள். உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டாள். சாமிநாதன் உட்காரவில்லை. சொன்னபடியே பானு வாசலில் நின்றுகொண்டாள்.

"கிளாஸக் கண்டுபிடிச்சிட்டோம்மா. கல்லுக்குட்டை கூட்டு ரோடு. ஜூஸ் வாங்கிக் குடுத்து, போட்டோ எடுத்துக்கிட்டு அனுப்பினது கௌதமன்னு ஒரு ஏட்டு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அல்லா," என்றாள் தனக்குள். "அவருகிட்ட நான் பேசணும்."

"இருங்கம்மா. இன்னும் இருக்கு." கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "அவருக்கு அந்த வழியக் காட்டினவன் ஒருத்தன் இருக்கான். மூணு வருஷம் முன்னாடி, அரக்கோணம் ரோட்டுல, அதே பையன் குடிச்சிட்டு வந்தப்போ அதே மாதிரி ஜூஸ் குடுத்து அனுப்பினவன். அன்னிக்குக் கேஸ் போட்டிருந்தா லைசன்ஸ் போயிருக்கும். பையனுக்கு பயம் வந்திருக்கும்."

"யாரு அவன்?"

"நான்தாம்மா."

அவள் கத்துவாள், அடிப்பாள், குடத்தைத் தூக்கி எறிவாள் என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"போட்டோ எடுத்துக்கினீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"காட்டுங்க."

அவர் செல்போனைத் துழாவினார். அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. படத்தை எடுத்து நீட்டினார். காக்கிச் சட்டையில் அவர், கார் ஜன்னலில் பரணிதரன், இருவருக்கும் நடுவே ஒரு கிளாஸ்.

அஸ்கரி பேகம் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"எப்படிச் சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்," என்றாள். பிறகு தேதியைப் பார்த்தாள். "அப்போ அவரு உசுரோட இருந்தாரு."

சாமிநாதன் தலை குனிந்தார்.

"ஊரே அந்தப் பையன திட்டிச்சே. நீங்களும் சேந்து திட்டினீங்களா?"

"திட்டினேன்மா."

"உங்களத் திட்ட ஆளில்ல, அதனால அவன திட்டினீங்க." அவள் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, நடுவிலிருந்து தாள் கிழித்து மேசைமேல் வைத்தாள். "நாளைக்கு பத்து மணிக்கு நான் கலெக்டர் ஆபீஸ் போறேன். மனு குடுக்கணும். நடந்தத எழுதிக் குடுங்க. ரெண்டையும்."

அவர் உட்கார்ந்தார். முப்பது வருஷம் அறிக்கை எழுதிய கை, தானாக ஓடியது. கௌதமன் பெயர், இடம், தேதி, நேரம். பிறகு தன் பெயர். கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அஸ்கரி பேகம் எட்டாவது வரைக்கும் படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது.

"'மேற்படி வாகனம் அனுப்பப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"அனுப்பப்பட்டதுன்னா? அதுவா போச்சா?"

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சாமிநாதன் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு, மேலே இருந்த சின்ன இடத்தில், நெருக்கி எழுதினார்:

'நான் அனுப்பினேன்.'